வேலை டென்ஷனுக்குப் பின்னல்: எதைப் பின்னினால் மனசு தணியும், எதைப் பின்னினால் இன்னும் ஏறும்?

நூல்சிட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வேலை முடிந்ததும் மனசு அடங்கப் பின்னல் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பின்னுவது என்று சொல்பவர்கள் குறைவு. புதிதாக வருபவர்கள் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு மெல்லிய நூலில் துளைவேலை (லேஸ்) சால்வையைத் தொடங்கிவிடுகிறார்கள். வரிசைக்கு வரிசை அட்டவணை பார்க்கணும், கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) எண்ணணும், ஒன்று தவறினால் பத்து வரிசை பிரிக்கணும். பகல் முழுக்கப் பிழை பார்த்த மூளைக்கு ராத்திரியும் அதே வேலைதான்.

டென்ஷனைக் குறைக்கப் பின்னுகிற துண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் என் கருத்து இது. எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வரிசை நடுவில் ஊசியைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று துணியைப் பார்த்தே தெரிய வேண்டும். அளவு ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பொருள் பயன்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மனம் இறுகியிருக்கும் நாளில் நூலும் இறுகும். அதே நூல், அதே ஊசி, அதே கைதான், ஆனாலும் துணி சுருங்கி வரும். உடம்பு அளவுக்குச் சரியாக வர வேண்டிய ஸ்வெட்டரை அப்படிப்பட்ட நாட்களில் தொடவே கூடாது. கோஸ்டர் (டம்ளருக்கு அடியில் வைக்கும் துண்டு), மணிக்கட்டு உறை, கீசெயின், ஹேர் பேண்ட் மாதிரிச் சின்னப் பொருட்கள்தான் அதற்குப் பொருத்தம்.

அனுபவமுள்ளவர்கள் நூல், ஊசி எண், கண்ணி எண்ணிக்கை, எங்கே கெடும், ஏன் கெடும் என்பதோடு எழுதுங்கள்.

---

பத்துவிரல்

கார்ட்டர் பின்னலில் ஒரு கோஸ்டரில் தொடங்குவதே சரி. எல்லா வரிசையும் நிட் (நூலைப் பின்பக்கம் வைத்துப் போடும் அடிப்படைக் கண்ணி) மட்டும். பர்ல் (நூலை முன்பக்கம் வைத்துப் போடுவது) கிடையாது, ஓரம் சுருளாது, முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமும் இல்லை.

லேபிளில் 4 என்று போட்டிருக்கும் நடுத்தரப் பருமன் பருத்தி நூல், 4.5 மி.மீ ஊசி. 18 கண்ணி ஏற்றுங்கள், அதாவது முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் உண்டாக்குங்கள். 36 வரிசை பின்னினால் ஏறக்குறைய 10 செ.மீ சதுரம் வரும். கார்ட்டரில் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு ஆகும், ஒரு மேட்டின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் கிட்டத்தட்டச் சமம். அதனால் கண்ணி எத்தனையோ அத்தனை மேடு வந்ததும் நிறுத்தினால் சதுரம். வரிசை எண்ணவே வேண்டாம். ஒரு மூலையை எதிர் மூலைக்கு மடித்து முக்கோணம் சரியாக விழுகிறதா என்று பார்த்தாலே போதும். 50 கிராம் பந்தில் ஐந்தாறு கோஸ்டர் தேறும்.

லாங் டெயில் முறையில் (வால் நூலையும் பந்து நூலையும் சேர்த்துக் கண்ணி ஏற்றுவது) ஏற்றினால் வால் நூல் 50 செ.மீ விடுங்கள். பெரிய துண்டுக்குக் கணக்கு: ஊசியில் நூலை 10 சுற்று சுற்றி, அந்த நீளத்தை எடுத்துக்கொண்டு, எத்தனை பத்துக் கண்ணி வேண்டுமோ அத்தனை மடங்கு ஆக்கி, மேலே 15 செ.மீ. வால் பாதியில் தீர்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஏற்றுவதுதான் தொடக்கத்திலேயே எரிச்சலைக் கிளப்பும் விஷயம். முடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கண்ணிகளை மூடுவதற்கு (அவிழாதபடி ஊசியிலிருந்து இறக்கி முடிப்பதற்கு) துண்டின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்கணும், கோஸ்டருக்கு 40 செ.மீ.

ஒரு மாலைக்கு ஒரு கோஸ்டர் என்று இலக்கு எதுவும் வைக்காதீர்கள். நாலு மேட்டோடு நிறுத்தினாலும் அது வேலை நடந்த மாலைதான்.

---

கொக்கிமுனை

கோஸ்டருக்கு மறுப்பில்லை. ஆனால் "எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்பதுதான் நிபந்தனை என்றால் ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷாதான் முன்னால் நிற்கும். பின்னலில் 18 கண்ணியும் உயிரோடு ஊசியில் இருக்கும். ஊசி உருவிக்கொண்டால் பதினெட்டும் ஆபத்தில். குரோஷாவில் எந்த நேரமும் ஒரே ஒரு வளையம்தான் திறந்திருக்கும். அதை இரண்டு அங்குலம் இழுத்துவிட்டுப் பையில் போட்டுவிடலாம், அல்லது ஒரு ஊக்கைக் குத்திவிடலாம். போன் அடித்தால் மூன்று விநாடியில் எழுந்து போகலாம்.

முதல் பொருளாக ஹேர் பேண்ட் சொல்வேன், அதாவது ரப்பர் வளையத்தைச் சுற்றிப் போடும் ஸ்க்ரஞ்சி. சாதாரண ஹேர் ரப்பர் ஒன்று, நடுத்தரப் பருமன் நூல் 10 முதல் 15 கிராம், 5 மி.மீ கொக்கி. ரப்பருக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்து, ரப்பரை மூடியபடி 50 சிங்கிள் குரோஷா (கொக்கியில் முன்கூட்டியே நூலைச் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணி). ஸ்லிப் ஸ்டிச்சில் (இணைப்புக் கண்ணி) இணைத்து, உயரத்துக்கு 3 சங்கிலிக் கண்ணி ஏறி, அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் 3 டபுள் குரோஷா (முதலில் நூலை ஒரு சுற்று சுற்றிப் போடும் உயரமான கண்ணி). ஓர் இடத்தில் மூன்று போடுவதால் சுற்றளவுக்கு மேல் துணி சேர்ந்து, இடமில்லாமல் தானே அலை அலையாக மடியும். இரண்டு போட்டால் லேசான அலை.

கெடும் இடம் முதல் சுற்றுதான். ரப்பர் தளர்ந்த நிலையில் கண்ணிகளை நெருக்கி அடைத்தால் பிறகு அது நீளாது, கூந்தலில் இரண்டு சுற்று வராது. அங்கங்கே ரப்பரை லேசாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போடுங்கள். கண்ணி போதாமல் போனால் இழுக்கும்போது ரப்பர் வெளியே தெரியும். பத்துக் கண்ணி கூட்டிக்கொள்ளலாம், ஒன்றும் கெடாது.

இன்னொன்று. நான் மேலே சொன்ன பெயர்கள் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறைப் பாட்டர்னில் (செய்முறைக் குறிப்பில்) அமெரிக்க சிங்கிளுக்கு டபுள் என்று பெயர், அமெரிக்க டபுளுக்கு ட்ரெபிள். பாட்டர்ன் எந்த முறை என்று பார்க்காமல் தொடங்கினால் பொருள் பாதி உயரத்தில் நிற்கும், அல்லது இரட்டிப்பாக வளரும். பாட்டர்னில் "சிங்கிள்" என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே வராது.

---

பத்துவிரல்

@கொக்கிமுனை, நிறுத்தும் வசதியில் குரோஷா முன்னால் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் அது பின்னால்: கண். குரோஷாவில் ஒவ்வொரு முறையும் கொக்கி எந்த ஓட்டைக்குள் போகணும் என்று பார்த்தாக வேண்டும். பின்னலில் அடுத்த கண்ணி ஊசி மேலேயே வரிசையில் நிற்கிறது, விரலே கண்டுபிடித்துவிடும். எட்டு மணி நேரம் திரையைப் பார்த்த கண்ணுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் ஓரடி தூரத்தில் உற்றுப் பார்க்கும் வேலை ஓய்வு ஆகாது.

பார்க்காமல் பின்னக் கற்பது கஷ்டமில்லை. வழுவழுப்பான, முறுக்கு நன்றாக இருக்கும் நூல், 5 மி.மீ மூங்கில் ஊசி, கார்ட்டர், 20 கண்ணி. இடது ஊசியில் முதல் கண்ணி முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள். இடது ஆள்காட்டி விரல் நுனியால் அந்தக் கண்ணியின் முன்கால் (வளையத்தின் முன்பக்க இழை) எங்கே என்று தொட்டறிந்து, அதன் கீழே வலது ஊசியை விடுங்கள். முதல் நாலைந்து கண்ணியைப் பார்த்துப் போட்டு, அடுத்த நாலைந்துக்குப் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்புங்கள். ஊசி நூலின் புரிகளைப் பிளந்துகொண்டு நடுவில் புகுந்தால் விரலிலேயே ஒரு பிசிறல் தெரியும். அப்போது மட்டும் பார்த்தால் போதும். முறுக்குத் தளர்ந்த நூல், ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் மொஹேர், கறுப்பு நூல் மூன்றும் இதற்கு ஆகாது.

---

கொக்கிமுனை

நியாயம். அப்படியென்றால் கண் களைத்த நாளுக்குப் பின்னல், அடிக்கடி எழுந்து போக வேண்டிய இடத்துக்குக் குரோஷா என்று பிரித்துக்கொள்ளலாம்.

---

புதுஇழை

18 கண்ணியில் தொடங்கும் துண்டு பத்து வரிசையில் 23 ஆகிவிடுகிறது, ஓரம் சரிந்து விரிகிறது. இதற்கு என்ன காரணம்? வரிசை நடுவில் நிறுத்தினால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

நூல்சிட்டம்

@புதுஇழை, ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் சந்தேகம். கண்ணி கூடுவதற்கு இரண்டு காரணங்கள், எது என்று துணியே சொல்லும்.

ஓரத்தில் கூடுகிறது என்றால், வரிசை தொடங்கும்போது நூல் ஊசியின் மேல் வழியாகப் பின்னால் போயிருக்கிறது. அப்படிப் போனால் முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு காலும் இரண்டு தனிக் கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிட்டது. ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் நூலை முன்பக்கமாகக் கீழே இழுத்துவிடுங்கள், பிறகு ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். முதல் கண்ணி ஒற்றையாக நிற்கும்.

துணி நடுவில் சின்ன ஓட்டையோடு கூடுகிறது என்றால், நூல் தெரியாமல் முன்பக்கம் வந்திருந்து ஊசி மேல் ஒரு சுற்று ஏறியிருக்கிறது. அடுத்த வரிசையில் அந்த இடம் வரும்போது கவனித்தால், கீழே எதிலும் மாட்டாமல் சும்மா கிடக்கும் நூல் தெரியும். அதை ஊசியிலிருந்து தள்ளிவிட்டால் போதும், பக்கத்துக் கண்ணிகள் அந்த உபரி நூலை வாங்கிக்கொள்ளும்.

குறைந்தால் கண்ணி நழுவியிருக்கிறது. பதற்றப்பட்டு இழுக்காதீர்கள், இழுத்தால்தான் ஏணி போலக் கீழே ஓடும். ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்திவிட்டு, குரோஷா கொக்கியால் ஏணியின் படி ஒவ்வொன்றையும் கண்ணிக்குள் இழுத்து ஏற்றுங்கள். கார்ட்டரில் ஒரு படியை முன்பக்கத்திலிருந்தும் அடுத்த படியைப் பின்பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்கணும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் அந்த ஒரு நிரை மட்டும் வழுவழுவென்று தனியாகத் தெரியும். கோஸ்டரில் அது தெரிந்தாலும் பாதகமில்லை.

நடுவில் நிறுத்தியிருந்தால், பந்தோடு இணைந்த நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்கு. இந்த ஒரு விதி போதும். தவறாகப் பிடித்தால் அந்த இடத்தில் துணி ஒரு பக்கம் இரண்டு வரிசை உயர்ந்து, நடுவில் ஒரு துளை விழும்.

---

மணிக்கட்டு

எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். விசைப்பலகையும் மவுஸும் பயன்படுத்தும் அதே தசைநார்களைத்தான் பின்னலும் பயன்படுத்துகிறது. மனசுக்கு ஓய்வு என்று உட்கார்ந்து கைக்கு ஓவர்டைம் கொடுத்துவிடக் கூடாது.

20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வையுங்கள். விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்து, தோளைக் காதுப் பக்கத்திலிருந்து கீழே இறக்குங்கள். தோள் ஏறியிருப்பது பெரும்பாலும் நமக்கே தெரியாது. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் கை எடை தோளுக்குப் போகாது. மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக இருக்கட்டும்.

நீளமான நேர் ஊசியில் துணி வளர வளர எடை முழுக்க ஊசி நுனியில் ஏறி, மணிக்கட்டு அதைத் தாங்கும். அதே துண்டை வட்ட ஊசியில் (கேபிளால் இணைந்த இரண்டு குட்டை ஊசி) முன்னும் பின்னுமாகப் பின்னினால் எடை கேபிள் வழியாக மடியில் இறங்கிவிடும். வட்ட ஊசி குழாய் மாதிரி பின்னுவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

நூலும் காரணமாகும். கம்பளியில் நீட்சி இருப்பதால் ஊசி உள்ளே போகும்போது கண்ணி கொஞ்சம் இடம் கொடுக்கும். பருத்தி கொடுக்காது. இறுக்கமாகப் பின்னுபவர்கள் பருத்தியில் தொடங்கினால் கட்டைவிரல் அடி வலிக்கும். அவர்கள் அரை மி.மீ பெரிய ஊசிக்குப் போகலாம், அல்லது பருத்தி, அக்ரிலிக் கலந்த நூல் எடுக்கலாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரமரப்பு, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் குத்தல், அல்லது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் பொருளைத் தூக்கும்போது சுரீரென்று வலி இருந்தால் பின்னலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மரமரப்பும் குத்தலும் நரம்பு நெரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம், தூக்கும்போது வரும் வலி கட்டைவிரல் தசைநார் உறை வீங்கியதாக இருக்கலாம். ஊசியை மாற்றினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுவது தப்பு.

---

சான்றுதேடி

பின்னல் மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதற்கு உண்மையில் ஆதாரம் உண்டா? ஊரெல்லாம் சொல்கிறார்கள் என்பது ஆதாரம் ஆகாது.

---

மணிக்கட்டு

@சான்றுதேடி, உண்டு, ஆனால் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். 2013-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி இதழில் வந்த ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னலாளர்கள் இணையக் கேள்வித்தாளை நிரப்பினார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னது அதிகம். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள், சொன்னதும் அவர்களே. பின்னாதவர்களோடு ஒப்பிடவில்லை. அதனால் பின்னல்தான் காரணம் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது.

2016-இல் கிரிஜா கைமல் குழுவினர் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், படத்துண்டு ஒட்டல், மார்க்கர் பேனா என்று கைவேலை செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்குக் குறைந்தது. கைத்திறன் முன்பே இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. இதில் பின்னல் இல்லை, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இருந்தாலும் புதியவர்களுக்கு ஒரு தைரியம் தருகிறது: நன்றாக வந்தால்தான் பலன் என்று இல்லை. மீதி 25 சதவீதத்தினருக்கு அன்று குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கணும். ஒரு மாலை பலிக்காவிட்டால் அது யாருடைய குறையும் இல்லை.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாரக்கணக்கில் இதே நிலை என்றால் ஊசியும் நூலும் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது.

---

முடிச்சுவேலை

பின்னல் ஊசி பிடித்தால் கை வலிக்கிறவர்கள் மேக்ரமே (கயிற்று முடிச்சு வேலை) கீசெயின் செய்து பாருங்கள். கருவியே இல்லை, விரலும் கயிறும்தான். முன்கையிலிருந்து இழுக்கும் அசைவு என்பதால் விரல் நுனிப் பிடிமானம் குறைவாகத்தான் தேவைப்படும்.

3 மி.மீ பருத்திக் கயிறு இரண்டு துண்டு: ஒன்று 150 செ.மீ, மற்றது 60 செ.மீ. இரண்டு நிறத்தில் எடுங்கள். இரண்டையும் பாதியாக மடித்துச் சாவி வளையத்தில் மாட்டினால் நான்கு இழை தொங்கும். குட்டை இழை இரண்டும் நடுவில், நீள இழை இரண்டும் வெளியில். நடு இழைகள் சும்மா நிற்கும், வெளி இழைகள்தான் முடிச்சு போடும். முடிச்சுப் பகுதி 10 செ.மீ வேண்டுமென்றால் வெளி இழை ஒவ்வொன்றும் அதன் நான்கைந்து மடங்கு தீரும். குஞ்சத்துக்கும் பிடித்து இழுப்பதற்கும் சேர்த்து 75 செ.மீ சரியாக இருக்கும்.

இடது இழையை நடு இழைகளுக்கு முன்னால் வலப்பக்கம் கொண்டுபோங்கள். வலது இழையை அதற்கு மேலே போட்டு, நடு இழைகளுக்குப் பின்னால் இடப்பக்கம் கொண்டுவந்து, அங்கே உண்டான வளையத்துக்குள் வெளியே எடுத்து இழுங்கள். இது அரை முடிச்சு. அடுத்து அதையே வலப்பக்கத்திலிருந்து கண்ணாடி பிம்பம் போலச் செய்தால் சதுர முடிச்சு முழுதாகும்.

எல்லோரும் குழம்பும் இடம், அடுத்தது எந்தப் பக்கம் என்பது. விதி சுலபம். முன்னால் போகிற இழை எப்போதும் ஒரே இழையாக இருந்தால் முடிச்சு தட்டையாக வரும். இரண்டு இழையும் மாறி மாறி முன்னால் போனால் முறுக்கிக்கொண்டு சுருள் ஆகும். வெளி இழை இரண்டில் ஒன்றின் நுனியில் டேப் ஒட்டி, "டேப் ஒட்டியதுதான் முன்னால்" என்று வைத்துக்கொண்டால் எண்ணவும் வேண்டாம், நினைவில் வைக்கவும் வேண்டாம். சுருள் வந்துவிட்டாலும் அழகுதான், அப்படியே தொடருங்கள்.

நடு இழைகளை மேசையில் டேப் போட்டு இறுக்கமாக நிறுத்தி வையுங்கள். அவை தொளதொளவென்று இருந்தால் முடிச்சுகள் ஒரே அளவில் உட்காராது. கடைசி முடிச்சின் பின்பக்கம் ஒரு சொட்டுத் துணிப் பசை.

---

பத்துவிரல்

கோஸ்டர் கைக்கு வந்தவர்களுக்கு அடுத்தது: விரல் நுனி வெளியே தெரியும் மணிக்கட்டு உறை. ஏசி அறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு நேரடியாக உதவும்.

லேபிளில் 3 என்று இருக்கும் டி.கே. பருமன் (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய நூல்), கம்பளி அல்லது கம்பளிக் கலவை, ஒரு ஜோடிக்கு 50 கிராம் தாராளம். 4 மி.மீ ஊசி. 40 கண்ணி தளர்வாக ஏற்றி, 2 நிட், 2 பர்ல் என்று வரிசை முழுக்க. 40 நான்கால் வகுபடுவதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வரிசை 2 நிட்டில்தான் தொடங்கும். முன் வரிசை, பின் வரிசை என்ற நினைவே வேண்டாம். வழியில் குழம்பினால் துணியைப் பாருங்கள்: உங்களைப் பார்க்கும் கண்ணி "வி" வடிவில் இருந்தால் நிட், மேடாக இருந்தால் பர்ல்.

18 செ.மீ ஆனதும் நிட்டை நிட்டாகவும் பர்லை பர்லாகவும் பின்னியபடியே தளர்வாக மூடுங்கள். நீளவாக்கில் மடித்து, கீழிருந்து 10 செ.மீ தையல், 5 செ.மீ கட்டைவிரலுக்குத் திறப்பு, மேலே மீதி 3 செ.மீ தையல். இடது வலது வித்தியாசம் இல்லை.

நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிக்கும் இடையே முன்னால் கொண்டுவரணும், திரும்பும்போது அதே வழியில் பின்னால். ஊசிக்கு மேல் சுற்றிக்கொண்டு வந்தால் கண்ணி கூடும். மூடும் விளிம்பு இறுகினால் விரல்களில் ரத்தம் ஓடாதது போல அழுத்தும்; மூடுவதற்கு மட்டும் வலது கையில் 5 மி.மீ ஊசி எடுங்கள்.

கூடிக் குறையும் வேலை பிடிக்கிறவர்களுக்கு ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடியும் மூலைவிட்டத் துடைதுணி உண்டு. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். அடுத்த வரிசையிலிருந்து: 2 நிட், ஊசி மேல் ஒரு சுற்று, மீதி நிட். இப்படியே 44 கண்ணி வரை. பிறகு: 1 நிட், இரண்டு சேர்த்து நிட், ஊசி மேல் ஒரு சுற்று, இரண்டு சேர்த்து நிட், மீதி நிட். மறுபடி 4 ஆனதும் மூடிவிடலாம். பருத்தியில் 4.5 மி.மீ ஊசிக்குச் சுமார் 17 முதல் 20 செ.மீ சதுரம். நடுப்பகுதியைத் தாண்டியதும் ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடச் சின்னதாகிக்கொண்டே போகும். களைத்த நேரத்தில் அது தரும் ஆறுதல் தனி.

---

மணிக்கோவை

மணிவேலைக்காரர்கள் சார்பில் இரண்டு வார்த்தை. 2 மி.மீ அளவுக் குட்டி மணிகளை ஊசியில் கோத்து நெய்வது அருமையான கலை, ஆனால் திரை வேலை முடிந்த மாலைக்கு அல்ல. விடுமுறைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த மாலை நேரத்துக்கு 6 மி.மீ மணியில் கைவளை: 0.8 மி.மீ எலாஸ்டிக் கயிறு. மணிக்கட்டுச் சுற்றளவோடு ஒன்றரை செ.மீ கூட்டுங்கள். 18 செ.மீ கைவளைக்கு 30 மணி. கயிறு 30 செ.மீ வெட்டி, கோப்பதற்கு முன்பே நாலைந்து தடவை நன்றாக இழுத்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் ஒரு வாரத்தில் கயிறு தானே நீண்டு மணிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். சாதாரண முடிச்சு எலாஸ்டிக்கில் வழுக்கும். முதல் முடிச்சில் நுனியை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை நுழைத்து இழுத்து, மேலே இன்னொரு முடிச்சு, ஒரு சொட்டுப் பசை, காய்ந்த பிறகு 2 மி.மீ விட்டு வெட்டி முடிச்சைப் பக்கத்து மணித்துளைக்குள் இழுத்துவிடுங்கள். அதற்காகவே ஒரு மணி மட்டும் துளை பெரிதாக இருப்பது நல்லது. கயிறு அறுவது பெரும்பாலும் துளை விளிம்பு கூர்மையாக இருக்கும் மணிகளால். துளைக்குள் ஒரு ஊசியை விட்டுச் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பானதை ஒதுக்கிவிடுங்கள்.

விரித்த துணி மேல் வைத்து மணிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். வெறும் மேசையில் மணி உருண்டு ஓடினால் தேடுவதே தனி டென்ஷன்.

---

நூல்சிட்டம்

அருமையான பதில்கள். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

தொடக்க வேலையைக் களைத்த நேரத்துக்கு வைக்காதீர்கள். சிட்டமாக (நீளச் சுருணையாக) வாங்கிய நூலைப் பந்தாகச் சுற்றுவது, கண்ணி ஏற்றுவது, முதல் இரண்டு செ.மீ பின்னுவது எல்லாம் ஓய்வு நாளில் முடியட்டும். வேலை முடிந்து வரும்போது ஊசியில் நடுவழியில் நிற்கும் துண்டுதான் கையில் கிடைக்கணும். பையில் அந்தத் துண்டு, சின்னக் கத்தரி, முனை மழுங்கிய தையல் ஊசி, ஒரு குரோஷா கொக்கி, நாலு ஊக்கு, அளவு நாடா போதும். ஊசி முனைகளில் ரப்பர் பேண்டை இறுகச் சுற்றினால் கண்ணி நழுவாது. நூலைப் பந்தின் நடுவிலிருந்து உருவினால் பந்து உருளாது. ஆனால் கடைசிக் கட்டத்தில் பந்து உள்ளே குழிந்து சிக்கு விழும். கால்பங்கு மிச்சம் இருக்கும்போதே மறுபடி சுற்றிவிடுங்கள்.

அடுத்து, "நல்லா இருக்கே, எனக்கும் பத்து செய்து தாயேன்" என்பவர்கள் வருவார்கள். விற்பதில் தவறில்லை, அது ஒரு தொழில். ஆனால் தேதி, அளவு, நிறம் என்று இன்னொருவர் சொன்ன நிமிடமே அந்தத் துண்டு ஓய்வுக்கான துண்டு இல்லை. ஆர்டர் எடுப்பவர்கள் அதற்குத் தனிப் பை, தனி நேரம் வைத்து, யாருக்கும் என்று இல்லாத ஒரு துண்டை ஊசியிலேயே விட்டுவையுங்கள். அன்பளிப்பு கொடுப்பதானால் முடித்த பிறகு யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்.

---

புதுஇழை

நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: முடித்த கோஸ்டரைத் துவைத்ததும் நூல் நுனிகள் வெளியே வருகின்றன, சதுரமும் கோணுகிறது. அயர்ன் பண்ணலாமா?

---

பத்துவிரல்

நுனிகள் வெளியே வருவதற்குக் காரணம் குட்டையாக வெட்டியதும் ஒரே திசையில் நுழைத்ததும். 15 செ.மீ வால் விட்டு, மழுங்கிய ஊசியால் மேடுகளின் வழியே 4 செ.மீ ஒரு பக்கம், திரும்பி 3 செ.மீ எதிர்ப்பக்கம் நுழையுங்கள். பருத்தி வழுக்கும் என்பதால் மூன்றாவது தடவை ஒரு மேடு தள்ளி இன்னும் கொஞ்சம். துணியை நாலு பக்கமும் இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். முதலில் வெட்டி, பிறகு இழுத்தால் நுனி உள்ளே போய் ஒரு நாள் வெளியே வரும்.

கோணலுக்கு: நனைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்து, சமமான இடத்தில் சதுரமாக இழுத்து மூலைக்கு ஒரு குண்டூசி குத்திக் காயவிடுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்கட்டும். பருத்தியை அயர்ன் பண்ணலாம். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூட்டில் இழை உருகித் தட்டையாகி, நீட்சி போய்விடும், திரும்ப வராது. கம்பளி என்றால் வெந்நீரும் கசக்கலும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று பிடித்துச் சுருங்கிக் கெட்டியாகும், அதனால் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து எடுப்பதோடு சரி. லேபிளில் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கும் கம்பளி சுருங்காது, ஆனால் ஈரத்தில் நீளும், தொங்கவிட்டுக் காயவைக்காதீர்கள்.

எந்த நூல் என்று மறந்துபோகாமல் இருக்க வெட்டிய மிச்சத்தை லேபிளோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதே நிறத்தில் இன்னொரு பந்து தேவைப்படும்போது லேபிளில் உள்ள சாய எண்ணும் (ஒன்றாகச் சாயமிட்ட தொகுதியின் எண்) கைவசம் இருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாய எண் வேறென்றால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு சாயல் மாறித் தெரியும்.